ஆரணி ஸ்டாப்பில் யாருமில்லை

மார்கழிப் பனியில் எதிரே இருக்கும் தண்ணீர் டேங்க் கூடச் சரியாகத் தெரியவில்லை. வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரும் ஏறும் சத்தமே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஸ்டாப்பில் ஒரு நாய் மட்டும் சுருண்டு படுத்திருந்தது.

ஆரணியில் என் முதல் ஸ்டாப் அது. தினமும் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ஒரு கூட்டம் நிற்கும். யாருடைய மாமியார் என்ன சொன்னாள், யார் வீட்டில் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் கதவு திறப்பதற்கு முன்பே என் காதுக்கு வந்துவிடும். அன்றைக்கு நாய் மட்டும்தான்.

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் பிரிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஏழுமலை. செய்யாறு ஊரைத் தாண்டியிருக்கும் தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனிக்கு ஆரணியிலிருந்து பெண்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். போன வாரம், பிரேக் பிடிக்காத மினி பஸ்ஸை நான் ஓட்டிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மனைவி, "இவ்ளோ நடந்திருக்குது, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?" என்று கேட்டவள்தான், அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. இந்த வாரக் கதையில் பிரேக் நன்றாகவே பிடித்தது. அதனால் அவள் தைரியமாகப் படிக்கலாம்.

டீக்கடைக்காரர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னாண்ணா, இன்னிக்கி இவ்ளோ சீக்கிரம்?" என்றார்.

"நேத்தே எல்லார்கிட்டயும் சொன்னேனே. ஊர்ல ஏதாவது சாவா?"

"அப்டி ஒண்ணும் இல்லியே."

சாவும் இல்லை, கம்பெனிக்கு லீவும் இல்லை. ஒருவர் இருவர் வரவில்லை என்றால் காய்ச்சல் எனலாம். மொத்த ஸ்டாப்புக்குமா காய்ச்சல் வரும்?

பாலம் செய்த வேலை

செய்யாறு போகும் வழியில் ஒரு சின்னப் பாலத்தை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வயலில் மண் கொட்டி ஒரு மாற்றுப் பாதை போட்டிருந்தார்கள். அதில் வண்டி ஊர்ந்துதான் போக வேண்டும். முந்தின நாள் காலையில் அந்த மண் பாதையில் மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்தேன். ஆபீஸில் கேட்டேன். பாலம் முடிகிறவரை கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் திரும்பும்போது ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எழுந்து நின்று சொன்னேன். "நாளையிலேர்ந்து கால் மணி நேரம் முன்னாடி வருவேன். கேட்டுக்கினீங்களா?"

"சரிங்கண்ணா" என்று எல்லா ஸ்டாப்பிலும் சொன்னார்கள். ஆரணியில் இன்னும் கொஞ்சம் பணிவாகவே சொன்னார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆரணிக்காரர்கள் என்னிடம் அவ்வளவு பணிவாக எதையும் சொன்னதில்லை.

கோமதியின் பொங்கல்

அந்தச் சாயங்காலம் கடைசியாக இறங்கியது கோமதி. தறி வீட்டு மருமகள். மாமனார் வீட்டில் எல்லாருமே பட்டு நெசவு. கணவன் தறியில், மாமியார் ராஜம்மா நூல் சுற்ற. இவள் ஒருத்திதான் அந்த வீட்டிலிருந்து வெளியே வேலைக்கு வந்தவள். ஷூவின் மேல் தோலைத் தைக்கும் லைனில் மிஷின் ஓட்டினாள். டிரைவருக்குப் பின்னாலிருக்கும் முதல் சீட் அவளுடையது. அதனால் அவள் கதை எனக்குத் தெரியும்.

அவள் இன்னும் டிரெயினிங்கில் இருந்தாள். தையும் பொங்கலும் வரும்போது டிரெயினிங் முடியும். அதுவரை ஒரு நாள் லேட்டாகக் கம்பெனி கேட்டுக்குள் போனாலும் டிரெயினிங்கை அப்படியே நீட்டிவிடுவார்கள். பர்மனென்ட் ஆர்டர் தள்ளிப் போய்விடும். கம்பெனிக்கு அது ஒரு விதி. கோமதிக்கு அது வேறு. ராஜம்மா அவளிடம் முடிவாகச் சொல்லியிருந்தாராம்: "பொங்கலுக்குள்ள பர்மனென்ட் ஆச்சின்னா போ. ஆவலன்னா வூட்டோட இரு. நூல் சுத்த ஆள் இல்லாம கெடக்குது."

கோமதிக்கு நூல் சுற்றுவதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுற்றியவள்தான். ஆனால் இந்த மிஷின் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. "என் மிஷினு" என்றுதான் சொல்வாள். லைனில் தன் இருப்பிடம், தன் பெயர் போட்ட ஏப்ரன், மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் கும்பல் என்று அவளுக்கு அங்கே ஒரு வாழ்க்கை வந்துவிட்டது. அதை விட்டுவிட அவளுக்கு மனசில்லை.

இறங்கும்போது படியில் நின்று, "இன்னும் கொஞ்ச நாளுதாண்ணா. எம்பேர்ல ஒரு லேட்டு கெடயாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கோமதியும் அன்று காலையில் ஸ்டாப்பில் இல்லை.

நிற்காத டிரைவர்

நான் ஸ்டாப்பில் நிற்க மாட்டேன் என்பது இந்த ரூட்டில் எல்லாருக்கும் தெரியும். கெட்ட பெயர் என்றே சொல்லலாம். ஆள் வர வேண்டியிருந்தால் வண்டியை நிறுத்தி வைக்க இந்தப் பெண்கள் செய்யும் வேலைகள் கொஞ்சமல்ல. படியில் ஏறும்போது ஒருத்தியின் செருப்பு கழன்று கீழே விழும். அவள் இறங்கி எடுப்பாள். எடுத்து ஏறும்போது அடுத்தவளின் சாப்பாட்டுப் பை அறுந்துபோகும். அதற்குள் தெருமுனையில் யாராவது தலையை முடிந்துகொண்டு ஓடி வருவாள். செருப்பு கழன்றவளின் செருப்பில் பெல்ட் இருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். எதுவும் சொன்னதில்லை. செருப்புக்குக் கொடுக்கும் நேரத்தை மட்டும் கொடுப்பேன்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் அப்படி இல்லை. எல்லாருக்காகவும் நின்றேன். நல்ல டிரைவர் என்று பெயரும் வாங்கினேன். ஒரு மழை நாளில் செய்யாறு தாண்டி வெம்பாக்கம் பக்கத்துக் கடைசி ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே நின்றிருந்தவர்கள் முழுக்க நனைந்திருந்தார்கள். அந்த ஸ்டாப்பில் கூரை கிடையாது, விளக்கும் கிடையாது. ஒரு வரப்பு ரோட்டில் முடியும் இடம், அவ்வளவுதான். ஏறியவர்களில் மூத்த பெண் ஒருத்தி முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "ஆரணி பொம்பளைங்க தல சீவி முடிக்கிற வரைக்கும் நாங்க மழையில நிக்கணுமாண்ணா?"

என் ஊரும் அந்தப் பக்கம்தான். எங்களுக்கு நிலம் கிடையாது. என் அப்பா ஆண்டை வீட்டு நிலத்தில் கூலி. விடியும்போது வா என்பார்கள். விடிவதற்கு முன்பே போய் மாட்டுக்கொட்டகைப் பக்கம் கைகட்டி நிற்பார். ஆண்டை எழுந்து, பல் விளக்கி, காபி குடித்து, யாரோடோ பேசிவிட்டு, "இன்னைக்கு வேலை இல்லடா, நாளைக்கு வா" என்பார். மறுநாளும் அப்பா விடிவதற்கு முன்பே போவார். அவர் வாழ்க்கையில் பாதி நின்றே போயிற்று. யாரையாவது காக்கவைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு கொதிக்கும். டாக்டராக இருந்தாலும் சரி, கல்யாண வீட்டில் பந்தி போடுகிறவராக இருந்தாலும் சரி.

முதல் ஸ்டாப்பில் ஒருத்திக்காக நான் நின்றால் கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் நிற்க வேண்டும். கடைசி ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அன்று முதல் நிற்பதை விட்டுவிட்டேன்.

ஆனாலும் அந்த மார்கழிக் காலையில் எனக்கு என்னவோ போல இருந்தது. நீளமாக ஹாரன் அடித்தேன். டீக்கடைக்காரர் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இன்னொரு முறை அடித்தேன். நேரம் ஆனது. கதவை மூடிக் கிளம்பிவிட்டேன்.

முதல் சீட் காலியாக இருப்பது கண்ணாடியில் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டினேன்.

சலீமின் குட்டியானை

நான் கிளம்பிய பிறகு ஸ்டாப்பில் நடந்ததை எனக்கு அப்புறம் சொன்னது சலீம். பட்டு நூல் மூட்டைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கும், குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டிக்காரர். காலையில் அந்தக் கடையில் டீ குடிக்காமல் அவர் கியர் போட மாட்டார்.

முதலில் வந்தது கோமதியாம். வழக்கமான நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டாள். ஸ்டாப் காலியாக இருப்பதைப் பார்த்து, நாமதான் முதல் என்று நிதானமாக ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

"பஸ்சு போயிட்சே" என்றார் டீக்கடைக்காரர்.

"எந்த பஸ்சு?"

"உங்க பஸ்சுதான். ஹாரன் அட்ச்சு அட்ச்சு பாத்துட்டு போனாரு."

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்களாம். ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். கோமதி மட்டும் சலீமின் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நேராக அவரிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க செய்யார் ரோட்லதான போறீங்க?"

"பாதி தூரம் போயி திரும்பிடுவேம்மா. இது சரக்கு வண்டி. ஆள ஏத்திகினு போனா புடிப்பாங்க."

"பஸ்ஸ புடிக்கிற வரைக்கும் போதும்ண்ணே."

"புடிச்சி? ஏழுமல நடு ரோட்ல நிறுத்துவாரா? அந்தாளப் பத்தி தெரியாதா உனக்கு?"

"அவர நிக்க சொல்லல. நீங்க முந்திகினு போயி அடுத்த ஸ்டாப்புல எங்கள எறக்கி வுட்டுடுங்க. அவரு ஸ்டாப்புல நிப்பாரு இல்ல?"

சலீம் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டாராம். "ஜல்தி ஏறுங்க" என்றாராம். அந்தப் பாதி டீக்கு டீக்கடைக்காரர் இன்றுவரை அவரைக் கிண்டல் செய்கிறார்.

கண்ணாடியில் ஒரு கை

எனக்கு இதெல்லாம் தெரியாது. பாலத்து மாற்றுப் பாதைக்கு வந்து, முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஹாரன். விடாமல் அடித்த ஹாரன். பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தால் ஒரு குட்டியானை. அதன் பின்புறத்தில் நூல் மூட்டைகளுக்கு நடுவே ஆரணி ஸ்டாப் மொத்தமும் நின்றுகொண்டிருந்தது.

பார்த்ததும் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. நேற்று சொன்னேன், சரி என்றார்கள், இப்போது நடுவழியில் நிறுத்தச் சொல்கிறார்கள். அங்கே நிறுத்தி ஏற்றவே கூடாது. முன்பு வேறொரு வண்டியில், ஓடிவந்து ஏறப்போன பெண் ஒருத்தி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். அதிலிருந்து ஸ்டாப்பைத் தவிர வேறெங்கும் கதவு திறக்கக் கூடாது என்று உத்தரவு. உத்தரவு இல்லாவிட்டாலும் நான் திறக்க மாட்டேன். அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தவன் நான்.

மறுபடியும் ஹாரன். மறுபடியும் கண்ணாடியில் பார்த்தேன். வண்டியின் ஓரத்தில் கோமதி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வெளியே நீட்டியிருந்தாள். நிறுத்தச் சொல்கிறவர்கள் உள்ளங்கையைக் காட்டுவார்கள். அவள் அப்படிக் காட்டவில்லை. கையைப் பக்கவாட்டில் வீசிக்கொண்டிருந்தாள். ஒதுங்கு, ஒதுங்கு என்று.

அவள் எதைக் கேட்கிறாள் என்பது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. இப்படி ஒன்று எனக்குத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் ஒதுங்குவதும் லேசான காரியம் இல்லை. அந்த மண் பாதையின் ஓரம் முழுக்க ஈரம். சக்கரம் இறங்கினால் டிராக்டர் வந்து இழுக்க வேண்டும். அப்போது கோமதி மட்டுமல்ல, வழியெல்லாம் நின்று என்னை எதிர்பார்க்கும் எல்லாருமே லேட். இன்னொரு விஷயம், நான் ரோட்டில் யாருக்கும் வழி விடுகிறவன் இல்லை. லாரி ஓட்டிய நாளிலிருந்து வந்த கெட்ட பழக்கம் அது.

பாதை முடியும் இடத்தில், வயலில் நெல் அடிக்கும் களம் ஒன்று இருந்தது. கெட்டியான தரை. அதுவரை ஹாரனைக் கேட்டுக்கொண்டே போனேன். களத்தின் பக்கம் வண்டியைச் சாய்த்து, ஊர்ந்தபடியே இடம் விட்டேன். குட்டியானை என்னை உரசாத குறையாகத் தாண்டிப் போனது. தாண்டும்போது சலீம் எனக்கு ஒரு சலாம் வைத்தார். மூட்டைகளுக்கு நடுவே நின்றவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

நான் நிற்கவில்லை. வழி விட்டேன், அவ்வளவுதான்.

புளியமரத்து ஸ்டாப்

அடுத்த ஸ்டாப் ஒரு சிறிய ஊரின் புளியமரத்தடி. மூன்று நான்கு பேர்தான் ஏறுவார்கள். எல்லாரும் புதிய நேரத்துக்கு ஒழுங்காக வந்து நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நீளமாக ஒரு வரிசை. தலை கலைந்து, புடவையிலும் ஸ்வெட்டரிலும் பட்டு நூல் பிசிறு ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கைகட்டி நின்றார்கள்.

ஏறும்போது உள்ளூர்ப் பெண் ஒருத்தி என்னிடம், "இன்னாண்ணா, ஆரணியே இங்க வந்துட்சு?" என்று கேட்டாள்.

எல்லாரும் ஏறினார்கள். யார் செருப்பும் கழன்று விழவில்லை. கோமதி கடைசியாக ஏறி முதல் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டியை எடுத்துவிட்டுத்தான் கேட்டேன்.

"ஏம்மா, நேத்து சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்கண்ணா."

"சரின்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

அவள் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "நீங்க நெஜ டைம சொல்றீங்கன்னு எங்களுக்கு எப்பிடிண்ணா தெரியும்?"

ஆரணிக் கணக்கு

எனக்கு அது விளங்க அந்தப் பயணம் முழுவதும் பிடித்தது. ஆரணியில்தான் வாடகைக்குக் குடியிருக்கிறேன் என்றாலும், தறி வீட்டுக்குள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று நான் கண்டேனா? கோமதி ஆரம்பித்தாள். பின்னாலிருந்து ஒவ்வொருத்தியாக எடுத்துக் கொடுத்தார்கள்.

கதை இதுதான். கல்யாண வீட்டுக்காரர்கள் பட்டுப் புடவைக்கு ஆர்டர் கொடுக்கும்போது, கல்யாணத் தேதியைக் கொஞ்சம் முன்னால் தள்ளித்தான் சொல்வார்கள். புடவை வியாபாரியை ஊரில் முதலாளி என்பார்கள். அவருக்கு அது தெரியும். ஆனாலும் நெசவுக்காரரிடம் சொல்லும்போது தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளிச் சொல்வார். "வெள்ளிக்கிழமை புடவை என் கையில இருக்கணும்" என்பார். நெசவுக்காரர் மனசுக்குள், அப்படியென்றால் அதற்கடுத்த வெள்ளி என்று கணக்குப் போட்டுக்கொண்டு, "வியாழக்கிழமையே குடுத்துடறேன் முதலாளி" என்பார். முதலாளியும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்" என்பார். கடைசியில் புடவை சரியான நாளில் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"இதுல யாரும் யாரையும் ஏமாத்தறது இல்லண்ணா" என்றாள் கோமதி. "எல்லாருக்கும் எல்லாம் தெரியும்."

"சரி, அதுக்கும் எனக்கும் இன்னாம்மா?"

"நாங்க லேட் பண்றோம்னு நீங்க கால் மணி நேரம் முன்னாடி சொல்றீங்கன்னு நெனச்சிகினோம். நெஜமா வர்றது பழைய டைமுக்குத்தான்னு."

"எல்லாரும் சேந்து பேசி முடிவு பண்ணீங்களா?"

"அதுல பேசறதுக்கு இன்னாண்ணா இருக்குது?"

அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒருத்தியை ஒருத்தி கேட்கவில்லை. எல்லாரும் தனித்தனியாக, அவரவர் வீட்டில் பல் விளக்கிக்கொண்டே, நான் முன்னதாகச் சொன்ன அதே கால் மணி நேரத்தைக் கழித்திருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து தேதியைக் கழித்தே பழகிய கை. கூலி வேலை ஊர்களில் ஏறிய பெண்களுக்கோ இந்தக் கணக்கு தெரியாது. வரச் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார்கள்.

எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் பிசகாமல் இத்தனை காலம் ஓட்டியும் என்னையும் ஒரு முதலாளி கணக்கில் சேர்த்துவிட்டார்களே. அதைச் சொல்லியும்விட்டேன். "என்னிக்காவது ஒரு நாள் நான் சொன்ன டைம் மாறிப் போயிருக்குதா?"

கண்ணாடியில் பார்த்தேன். கோமதி முழங்காலில் ஒட்டியிருந்த நூல் பிசிறை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்த இடத்திலேயே மறுபடி மறுபடி தேடினாள். பயம் அவளுக்கு அப்போதுதான் வந்தது போலிருக்கிறது. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசி ஸ்டாப்பில் பனியில் நின்றிருந்தவர்களை நேரத்துக்கு ஏற்றினேன். கேட் மூடுவதற்கு முன் எல்லாரும் உள்ளே போனார்கள். கோமதி கேட்டிலிருந்த மிஷினில் விரல் வைத்து வருகையைப் பதிவு செய்ததும் திரும்பி வண்டியைப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ராஜம்மா சொன்ன தேதி

பொங்கலுக்கு முன்பே கோமதிக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்துவிட்டது. மறுநாள் காலையில் ஒரு பெட்டி மைசூர்பாகுடன் ஏறி, பஸ் முழுக்கக் கொடுத்தாள். எனக்கு மட்டும் இரண்டு துண்டு.

"மாமியார் இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவேயில்லை. ஒரு வழியாகச் சொன்னாள். ஆர்டரைக் கொண்டுபோய் ராஜம்மாவின் கையில் கொடுத்தாளாம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, பொங்கலுக்கே வாங்கிட்டியே" என்றாராம்.

"நீங்கதான அத்தை பொங்கலுக்குள்ளன்னு சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன். பொங்கல்னு சொன்னாத்தான் நீ ஆடிக்குள்ளயாவது வாங்குவ. நான் ஆடிய மனசுல வெச்சிகினு சொன்னேன்."

பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மண் பாதையும், களத்து ஓரமும், குட்டியானையில் தொங்கிய அந்தக் கையும் கண் முன்னால் வந்தன. ஆடி வரை நேரம் இருந்ததாம்.

"ஊர்ல எல்லார் தேதியயும் கழிக்கத் தெரியுது, மாமியார் சொன்ன தேதிய கழிக்கத் தெரியல பாரு" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

"பயத்துல கணக்கு வரலக்கா" என்றாள் கோமதி. சிரித்துக்கொண்டே சொன்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்த மைசூர்பாகை நான் உடனே தின்னவில்லை. செய்யாறு தாண்டும்வரை டேஷ்போர்டிலேயே இருந்தது.

பாலம் முடிந்ததும் பழைய நேரத்துக்கு மாறினோம். "திங்கக்கெழமையிலேர்ந்து பழைய டைம்" என்று ஆரணி ஸ்டாப்பில் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். கோமதி அவளிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "இவர் சொல்றதுல கழிக்காத. அப்படியே எடுத்துக்க."

லாரி, மினி பஸ், கம்பெனி பஸ் என்று எதையெதையோ ஓட்டிவிட்டேன். அதைவிட நல்ல சர்டிபிகேட் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

வேகத்தடையில்

அதற்குப் பிறகு ஒரு நாள். மார்கழி போய், காலையில் கொஞ்சம் வெளிச்சம் வந்துவிடும் காலம். ஆரணி ஸ்டாப்பில் எல்லாரும் ஏறியாயிற்று. கதவை மூடினேன். முதல் சீட்டில் கோமதி, "ஐயோ" என்று வாய்க்குள் சொன்னாள். சாப்பாட்டுப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டாள்.

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வண்டி கிளம்பியது.

தண்ணீர் டேங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. கோமதி வீட்டுத் தெரு அங்கேதான் வந்து சேரும். வேகத்தடைக்குப் பக்கத்தில், ரோட்டு ஓரமாக ஒரு அம்மா நின்றிருந்தார். முந்தானையைத் தலையில் போட்டு, கையில் ஒரு வயர் கூடையை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். பின்னால் கோமதி, "அத்தை" என்றாள்.

ஸ்டாப்புக்கு ஓடி வந்தால் நான் போயிருப்பேன் என்று ராஜம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எந்த இடத்தில் நான் மெதுவாகப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. அவர் கையை ஆட்டவில்லை. நிறுத்துங்கள் என்று கூப்பிடவும் இல்லை. கூடையைத் தூக்கிப் பிடித்தபடி, வர வேண்டிய வண்டி வருகிறது என்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வேகத்தடையில் நான் எப்போதும் மெதுவாகத்தான் ஏறி இறங்குவேன். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் மெதுவாக ஏறினேன். கோமதி ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கூடையை வாங்கிக்கொண்டாள்.

நான் நிற்கவில்லை.